கார்கில் கமிட்டி சொன்னது என்ன, நடந்தது என்ன: குன்னூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பி கோத்தகிரிப் பக்கத்துக்காரர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். அவர் கேட்டது இது: "சார், கார்கில் போருக்கு அப்புறம் போட்ட கமிட்டி வெறும் கண்துடைப்பா? முப்படைக்கும் ஒரே தளபதி வேண்டும் என்று அப்போதே பேசியிருக்கிறார்கள், அது வர ஏன் இருபது வருஷம் ஆனது? அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆளே நம்ம காட்டேரிப் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தாரே, அதில் சதி ஏதாவது உண்டா?"

மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். எனக்கு ஒரே கேள்வியின் மூன்று துண்டுகளாகத்தான் படுகின்றன. குன்னூரில் முப்பது வருஷம் அரசியல் பாடம் நடத்தியவன் நான். அப்பா அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தார். பேரக்ஸ் மைதானத்து பேண்டு சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த விஷயம் டெல்லிச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கமிட்டி எது, எது இல்லை என்று பார்த்துவிடலாம். கார்கில் சண்டை 1999 மே மாதம் தொடங்கி ஜூலை 26-ல் முடிந்தது. நம் பக்கம் 527 பேர் உயிரிழந்தார்கள். திருச்சியில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்களே, மேஜர் சரவணன், அவர் படாலிக் பகுதியில் மே 29-ல் விழுந்தார். உடலை மீட்க ஜூலை வரை ஆனது. போர் முடிந்து மூன்றே நாளில், ஜூலை 29-ல், வாஜ்பாய் அரசு நாலு பேர் கொண்ட சீராய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்ரமணியம். உறுப்பினர்கள் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ். செயலர் சதீஷ் சந்திரா.

சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. அதே 1999-ல் பத்மபூஷண் கொடுத்தபோது, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசு விருது வாங்கக் கூடாது என்று சொல்லி மறுத்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அரசாங்கத்துக்குத் தலையாட்டுகிற ஆளைப் பிடித்துப் போட்டார்கள் என்று யாராவது சொன்னால் அது எடுபடாது. ஆனால் வேறொரு குறை நியாயமானது. அவர் அப்போது தேசிய பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் ஒருங்கிணைப்பாளர். சதீஷ் சந்திரா தேசிய பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்தின் செயலர். எந்த வீட்டைச் சோதிக்க வேண்டுமோ, அந்த வீட்டுக்காரர்களையே சோதனைக்கும் அனுப்பியது மாதிரி என்று அப்போதே பேச்சு வந்தது. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு.

இன்னொன்று, அது விசாரணைக் கமிஷன் அல்ல. விசாரணைக் கமிஷன் சட்டத்தின்கீழ் அமைக்கப்படவில்லை. சம்மன் அனுப்பி யாரையும் கூண்டில் ஏற்றும் அதிகாரம் கிடையாது. கொடுத்த வேலை இரண்டே. ஊடுருவலுக்கு முன்னால் நடந்தவற்றைப் பார்ப்பது, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்வது. சண்டையை எப்படி நடத்தினார்கள் என்பது அதன் எல்லைக்குள் இல்லை. இன்னார் தவறு செய்தார் என்று பெயர் சொல்வதும் இல்லை. கண்துடைப்பு என்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம், 1962 கதை எனக்குத் தெரியும். சீனாவிடம் தோற்ற பிறகு லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் விசாரித்து 1963-ல் அறிக்கை கொடுத்தார்கள். அறுபது வருஷம் தாண்டியும் அரசு அதை வெளியிடவில்லை. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் 2014-ல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார், அவ்வளவுதான். கார்கில் அறிக்கையோ 2000 பிப்ரவரி 23-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்பு காரணம் சொல்லிச் சில பகுதிகளை நீக்கினார்கள், ஆனாலும் புத்தகமாகக் கடையில் கிடைத்தது. ஊட்டியில் ஒரு நண்பர் வாங்கி வைத்திருந்ததைத்தான் நான் முதலில் படித்தேன். ஒரு போரில் எங்கே சறுக்கினோம் என்று அரசே அமைத்த குழு எழுதியதைச் சாதாரண வாத்தியார் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிந்தது சின்ன விஷயமல்ல.

சரி, என்ன எழுதியிருந்தார்கள்? சுருக்கமாகச் சொன்னால், ஊடுருவல் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவுத்துறைக்கும் முழு அதிர்ச்சியாக வந்தது என்று எழுதினார்கள். 1999 மே 3-ம் தேதி படாலிக் பக்கம், காணாமல் போன யாக்கைத் தேடிப் போன மேய்ப்பர்தான் மலைமேல் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வெளிநாட்டு உளவுக்கு ரா, உள்நாட்டு உளவுக்கு ஐ.பி., ராணுவ உளவு வேறு, இவ்வளவு இருந்தும் முதல் தகவல் மேய்ப்பரிடமிருந்து வந்தது. மலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். இங்கேயும் காட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிவது மாடு மேய்ப்பவருக்கும் தேயிலை பறிக்கப் போகும் பெண்களுக்கும்தானே.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு. 1998 ஜூன் மாதமே ஐ.பி. இயக்குநர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போயிருக்கிறது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடமாட்டம் கூடியிருக்கிறது என்று தகவல். யாருக்குப் போனது? பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர். யாருக்குப் போகவில்லை? வெளிநாட்டு உளவைக் கவனிக்கிற ரா தலைவருக்குப் போகவில்லை. எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கூட்டு உளவுக் குழுத் தலைவருக்குப் போகவில்லை. ராணுவ உளவுத் தலைவருக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, மேலே அனுப்பினால் அங்கிருந்து அவர்களுக்கு இறங்கி வந்துவிடும் என்று நினைத்தேன் என்று பதில்.

இதைப் படித்ததும் எனக்குக் கூடலூர் ஞாபகம் வந்தது. உறவினர் ஒருவர் அங்கே ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் யானைக் கூட்டம் சோலையோரம் நிற்பதைக் கொழுந்து பறிக்கிறவர்கள் பார்த்துச் சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். அவர் ஆபீசில் சொன்னார். ஆபீசிலிருந்து மேனேஜருக்குப் போனது, மேனேஜர் டவுனுக்குப் போன் போட்டார். எல்லாரும் அவரவர் கடமையைச் செய்தார்கள். கீழ் லைனில் குடியிருந்த பத்து வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ராத்திரி ரேஷன் கடைக் கதவு போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அங்கே தகவல் இல்லை என்று சொல்ல முடியாது. தேவைப்பட்ட ஆளிடம் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கார்கிலில் தகவலும் போதாமல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் எந்த பட்டாலியன் வந்தது, எது போனது என்ற சரியான கணக்கு 1998-ல் நம்மிடம் இல்லை. கூர்மையான செயற்கைக்கோள் படமோ, அந்த உயரத்தில் பறக்கும் ஆளில்லா விமானமோ கிடையாது. வெளிநாட்டு உளவு முழுவதும் ரா ஒன்றின் கையில் இருந்தது, அது சொல்வதைச் சரிபார்க்க இன்னொரு கண் இல்லை. கூட்டு உளவுக் குழுவை யாரும் மதிக்கவில்லை, கூட்டத்துக்குச் சின்ன அதிகாரிகளை அனுப்பினார்கள். சுப்ரமணியம் ஒரு காலத்தில் அந்தக் குழுவின் தலைவராக இருந்தவர். அந்தப் பத்திகளில் அவருடைய பழைய ஆதங்கமும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அறிக்கையின் முதுகெலும்பு உளவு பற்றியது அல்ல. 1947-ல் மவுண்ட்பேட்டனின் அலுவலகத் தலைவராக இருந்த இஸ்மே பிரபு போட்டுக்கொடுத்த பாதுகாப்பு அமைப்பே 52 வருஷமாகக் கிட்டத்தட்ட மாறாமல் கிடக்கிறது என்று அது சொன்னது. பெரிய ஜனநாயக நாடுகளில் படைத் தலைமையகங்கள் அரசாங்க அமைப்புக்கு வெளியே நிற்பது அநேகமாக இங்கே மட்டும்தான் என்றும் சொன்னது. அமைச்சகத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பது ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். படைத் தளபதிகள் கோப்பு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். மூன்று தளபதிகளும் சேர்ந்த குழுவுக்கு யார் மூத்தவரோ அவர் தலைவர், ஓய்வு பெறும் வரை. சில சமயம் அது சில மாதங்கள்தான். தன் படையையும் நடத்திக்கொண்டு இதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் குழுவின் பரிந்துரைகளை எடுத்து ஆராய 2000 ஏப்ரலில் அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு போட்டார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ், ஜஸ்வந்த் சிங், யஷ்வந்த் சின்கா அதில் இருந்தார்கள். அதன்கீழ் நாலு பணிக்குழுக்கள். உளவுக்கு கிரீஷ் சக்சேனா, உள்நாட்டுப் பாதுகாப்புக்கு என்.என். வோரா, எல்லைக்கு மாதவ் கோட்போலே, பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அருண் சிங். 2001 பிப்ரவரியில் அறிக்கை வந்தது, மே மாதம் அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பெயர் சொல்லி, வேலை சொல்லிப் பரிந்துரைத்தது இரண்டாவது அறிக்கை. சுப்ரமணியம் குழு அமைப்பையே மாற்ற வேண்டும் என்று வாசலைத் திறந்துவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நடந்தவற்றைப் பாருங்கள். அந்தமானில் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் 2001-ல் வந்தது. ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படைத் தலைமையகமும் அதே வருஷம். பாதுகாப்பு உளவு முகமை 2002. அணு ஆயுதங்களைக் கவனிக்கும் கட்டளையகம் 2003. தொழில்நுட்ப உளவுக்கான என்.டி.ஆர்.ஓ. 2004. எல்லையைப் பொறுத்தவரை ஓர் எல்லைக்கு ஒரு படை என்று பிரித்தார்கள். பாகிஸ்தான், வங்கதேச எல்லை பி.எஸ்.எஃப்.புக்கு, சீன எல்லை இந்தோ-திபெத் படைக்கு, நேபாளமும் பூட்டானும் எஸ்.எஸ்.பி.க்கு, மியான்மர் அஸ்ஸாம் ரைபிள்ஸுக்கு. இது நல்ல சீர்திருத்தம், அதிகம் பேசப்படாமல் போனது. பிரதமரின் முதன்மைச் செயலரே பாதுகாப்பு ஆலோசகராகவும் இருக்கக் கூடாது, முழுநேர ஆள் வேண்டும் என்று சுப்ரமணியம் குழு சொன்னது. பிரஜேஷ் மிஸ்ரா இரண்டு பதவியையும் ஆட்சி முடியும் வரை வைத்திருந்தார். 2004-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அது பிரிந்தது.

பட்டியலில் ஒன்று கவனித்தீர்களா? வேகமாக நடந்ததில் பெரும்பங்கு புதிதாக ஒன்றைத் திறந்த வேலை. புது ஆபீஸ், புது போர்டு, புதுப் பதவிகள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. நம் நாட்டில் இது பழைய பழக்கம். 1962 சண்டையோடு இந்தோ-திபெத் படை வந்தது. 1965 சண்டைக்குப் பிறகு பி.எஸ்.எஃப்., 1968-ல் ரா. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு என்.ஐ.ஏ. ஒவ்வொரு அடிக்கும் ஒரு புதுக் கட்டடம் எழும்பும். மிஸ்ராவின் நாற்காலி மாதிரி, யாராவது ஒருவர் தன் கையில் இருப்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வரும்போது கோப்பு நகராது.

முப்படைத் தளபதி பதவி அப்படிப்பட்டது. அது வந்தால் மூன்று தளபதிகளுக்கும் தனித்தனியாக இருந்த செல்வாக்கு குறையும். அமைச்சக அதிகாரிகளுக்குப் பக்கத்திலேயே சீருடை போட்ட ஒரு செயலர் உட்காருவார். தரைப்படைதான் எண்ணிக்கையில் பெரியது, எப்போதும் அவர்கள் ஆள்தான் வருவார், நம் விமானங்களைக் கூறுபோட்டுவிடுவார்கள் என்று விமானப்படை பயந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் நியாயம் இருக்கிறது. அரசியல்வாதிகளுக்கு வேறு பயம், மூன்று படையும் ஒரே ஆளிடம் போவதா என்று. அண்டை நாட்டைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியது ஆச்சரியமில்லை. 2001-ல் மற்றதெல்லாம் ஒப்புதல் ஆனபோது இது மட்டும் அரசியல் கட்சிகளிடம் கருத்துக் கேட்டு முடிவு செய்வோம் என்று தள்ளிப்போனது. கருத்துக் கேட்பதிலேயே காலம் ஓடியது. 2012-ல் நரேஷ் சந்திரா குழு, முழுத் தளபதி வேண்டாம், படைத் தளபதிகள் குழுவுக்கு ஒரு நிரந்தரத் தலைவராவது போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தது. 2016-ல் ஷெகாட்கர் குழு. கடைசியில் 2019 ஆகஸ்ட் 15 செங்கோட்டை உரையில் அறிவிப்பு வந்தது. 2020 ஜனவரி 1-ல் ஜெனரல் பிபின் ராவத் பொறுப்பேற்றார். அதுவரை 18 வருஷம் அந்த ஒருங்கிணைந்த தலைமையகம் தலையில்லாத முண்டமாக நின்றது.

பதவி வந்துவிட்டதால் எல்லாம் மாறிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அவரும் நாலு நட்சத்திர ஜெனரல், மற்ற மூன்று தளபதிகளும் நாலு நட்சத்திரம். அவர்களுக்குப் போர்க்கட்டளை இடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ராணுவ விவகாரத் துறை என்ற புதுத் துறைக்குச் செயலர், முப்படை தொடர்பான விஷயங்களில் அமைச்சருக்கு முதன்மை ஆலோசகர், தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவர். பங்காளிகள் கூடும் பஞ்சாயத்தில் மூத்த அண்ணன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தைக்கு மரியாதை உண்டு, சொத்து அவரவர் பெயரில்.

இந்த இழுபறிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அந்தமானில் 2001-லேயே மூன்று படையினரும் ஒரே கட்டளையகத்தில் வேலை செய்கிறார்கள். தலைவர் கடற்படைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கீழ் இருக்கும் ஒரு ராணுவச் சிப்பாய் ஒழுங்கு தவறினால் அவரால் நடவடிக்கை எடுக்க முடியாது. ராணுவத்துக்கு 1950 சட்டம், விமானப்படைக்கு 1950-லேயே தனிச் சட்டம், கடற்படைக்கு 1957 சட்டம். சிப்பாயைத் தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்பி அங்கேதான் தண்டிக்க வேண்டும். ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள், ரேஷன் கார்டு மூன்று. இதைச் சரிசெய்யும் சட்டம் 2023-ல் நிறைவேறி 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. போர்டு மாட்ட ஒரு வருஷம் போதுமாக இருந்தது, அதிகாரம் கொடுக்க 22 வருஷம் ஆனது.

இதில் நம் மலைக்கு ஒரு தனி இடம் உண்டு. குன்னூரை விட்டால் மலை ரயிலுக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். அங்கே இருக்கும் ஸ்டாப் காலேஜ் பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்தது, 1947-ல் இங்கே வந்தது. மூன்று படை அதிகாரிகளும் ஒரே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வருஷம் உட்கார்ந்து படிப்பது 1950 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. முடிக்கிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம். மார்க்கெட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேரட் பேரம் பேசுகிறவர்களில் யார் கடற்படை, யார் விமானப்படை என்று நமக்குத் தெரியாது. நைஜீரியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள்கூட இருப்பார்கள். ஒன்றாகப் படிக்கிறார்கள், ஒன்றாக கோல்ப் ஆடுகிறார்கள், அப்புறம் டெல்லிக்குப் போனதும் அவரவர் படைக்காகக் கட்சி கட்டுகிறார்கள். நட்பில் குறை இல்லை. பதவி உயர்வைத் தாய்ப்படைதான் தீர்மானிக்கிறது என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். இந்த மாதிரிக் கல்லூரிகளை ஒரே தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றும் சுப்ரமணியம் தலைமையிலேயே ஒரு குழு திட்டம் கொடுத்தது. குருகிராம் பக்கம் பினோலாவில் 2013-ல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லோடு நிற்கிறது.

அருவங்காட்டுக் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சேர்த்துப் பேசுவதில்லை. கார்கிலில் பீரங்கிக் குண்டும் ராக்கெட்டுமாகச் சுமார் 2,50,000 சுட்டார்கள். குண்டை உந்தித் தள்ளும் மருந்து செய்வதுதான் நம் கார்டைட் பேக்டரியின் தொழில். அந்தக் கோடையில் அப்பா ஓய்வு பெற்றிருந்தார், ஆனாலும் சங்கு சத்தத்தைக் கேட்டே எந்த ஷிப்ட் என்று சொல்வார். இருப்பதை வைத்துச் சண்டை போடுவோம் என்று அன்றைய ராணுவத் தளபதி மாலிக் சொன்னது பத்திரிகையில் வந்தபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஆயுதத் தொழிற்சாலைகளை வாரியத்திலிருந்து எடுத்துக் கம்பெனிகளாக்கச் சொன்னது 2005-ல் கேல்கர் குழு. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2021 அக்டோபர் 1-ல் வாரியத்தைக் கலைத்து 41 தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக்கினார்கள். அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனிக்குப் போனது. இதனால் தோட்டா சீக்கிரம் வருமா என்று சொல்ல இன்னும் கொஞ்ச வருஷம் ஆக வேண்டும். ஊரில் பேக்டரி வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்காத காலம் போய்விட்டது என்பது மட்டும் இப்போதே தெரிகிறது.

அக்னிவீரர் திட்டத்தையும் கார்கில் கமிட்டி சொன்னது என்று சிலர் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. ராணுவம் எப்போதும் இளமையாக இருக்க வேண்டும், 1976 முதல் 17 வருஷமாக இருந்த படைச் சேவையை ஏழிலிருந்து பத்து வருஷமாகக் குறைக்கலாம் என்று கமிட்டி சொன்னது. ஆனால் அடுத்த வரியில், அப்படி வெளியே வருகிறவர்களைத் துணை ராணுவப் படைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. 2022-ல் வந்தது நாலு வருஷச் சேவை, அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேருக்குத்தான் நிரந்தரம். துணை ராணுவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு பிறகு அறிவித்தார்கள். இப்போது மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமான வெலிங்டன் எம்.ஆர்.சி.யில் 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்கிப் பயிற்சி முடிக்கிற பையன்கள் அக்னிவீரர்கள்தான். என் பழைய மாணவன் ஒருவனின் மகனும் அதில் இருக்கிறான். நாலு வருஷம் கழித்து என்ன செய்வாய் என்று கேட்டால் சிரிக்கிறான். கமிட்டி சொன்ன முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைச் சுருக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து, நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

கமிட்டி வேண்டாம் என்றது நடந்ததும் உண்டு. எல்லா மலைமுகட்டிலும் குளிர்காலத்திலும் ஆள் போட்டுக் கார்கிலை இன்னொரு சியாச்சினாக்க வேண்டியதில்லை, ஊடுருவினால் என்ன கிடைக்கும் என்பதை எதிரிக்குத் தெளிவாகச் சொல்லி வைப்பது போதும் என்று எழுதினார்கள். ராணுவம் அதைக் கேட்கவில்லை. 1999-லேயே லேவில் 14-வது கோர் என்று புதிதாக அமைத்தார்கள். அப்போது காலியாக விட்ட உயரங்களில் இப்போது குளிர்காலத்திலும் ஆள் இருக்கிறது. தரையில் நின்று ஏமாந்தவனுக்குப் புத்தகத்தில் எழுதியது எப்படிப் போதும்?

அடுத்து வரவேண்டியது கூட்டுக் கட்டளையகங்கள். இப்போது ராணுவத்துக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என்று 17 கட்டளையகங்கள் தனித்தனியாக இருக்கின்றன. கூட்டாக இருப்பவை அந்தமானும் அணு ஆயுதக் கட்டளையகமும் மட்டும். ஒரு திசைக்கு ஒரு தளபதி, அவர்கீழ் மூன்று படை என்று மாற்றும் வேலையைத்தான் ராவத்திடம் கொடுத்திருந்தார்கள். சீனா அதை 2016-லேயே செய்துவிட்டது. அவர் இறந்த பிறகு அந்த நாற்காலி ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது. 2022 ஜூனில் விதியைத் திருத்தி, ஓய்வுபெற்ற மூன்று நட்சத்திர அதிகாரியும் வரலாம் என்று ஆக்கி, செப்டம்பர் 30-ல் அனில் சௌஹான் வந்தார்.

கடைசிக் கேள்வி. 2021 டிசம்பர் 8. ஸ்டாப் காலேஜில் பேசுவதற்காக ராவத் வந்துகொண்டிருந்தார். அவரும் அங்கே படித்தவர். சூலூரிலிருந்து 11.48-க்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. விழுந்த இடம் நஞ்சப்பசத்திரம். 14 பேரில் 13 பேர் அன்றே போய்விட்டார்கள், அவருடைய மனைவியும் அதில் ஒருவர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி பெங்களூரில் இறந்தார். முதலில் ஓடியது அந்தக் கிராமத்து ஜனங்கள்தான். வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், உடல்களை அதில் வைத்துத்தான் தூக்கினார்கள்.

சதி என்று அன்று சாயங்காலமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படையும் சேர்ந்து விசாரித்தது. நாசவேலை இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியமும் இல்லை, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையும் உயரமும் பிடிபடாமல் போனது என்று 2022 ஜனவரியில் சொன்னார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் விபத்துகளின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் இந்த விபத்துக்கு எதிரே காரணம் என்ற இடத்தில் விமானக்குழுவின் மனிதத் தவறு என்று இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேகத்துக்குள் கண்ணும் காதும் ஏமாற்றினால் அதையும் அந்தப் பட்டியலில் மனிதத் தவறு என்ற கட்டத்தில்தான் போடுவார்கள்.

அந்த மேகம் எங்களுக்குப் பழக்கமானது. டிசம்பர் மாதம் காலையில் வெயிலைப் பார்த்துத் துணி காயப்போட்டால், பதினொன்றரைக்கு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஏறி வந்து பத்து நிமிஷத்தில் எதிர் வீட்டை மறைத்துவிடும். அன்று நான் பெட்போர்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்த பஸ் பக்கத்தில் வரும் வரைக்கும் எந்த ஊர் பஸ் என்று போர்டு தெரியவில்லை.